பொறுப்பறிந்த தொண்டர்: மருத்துவர் தி.சே.சௌ. ராஜன்

நுழையும்முன்

தொண்டர் படை ஒன்று தோன்றுவதற்கு ஆர்வம் போதும். அது நிலைப்பதற்கு ஒழுங்கு வேண்டும். யார் முன்னே நடப்பது, யார் உணவுக்கு வழி செய்வது, நோயுற்றவரை யார் கவனிப்பது, தலைவர் இல்லாதபோது யார் பொறுப்பேற்பது என்னும் வினாக்களுக்கு விடை காணாத படை, முதல் இடையூறிலேயே கலைந்துவிடும். இவ்வுண்மையை உணர்ந்து பொதுவாழ்வில் உழைத்த திருவரங்கத்து மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆற்றிடைக்குறையில் பிறந்தவர்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ, நடுவே அமைந்த ஊர் ஸ்ரீரங்கம். அரங்கம் என்னும் சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்பது பொருள். வைகுண்ட ஏகாதசியின்போது பல்லாயிரவர் திரளும் இவ்வூரில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் தி.சே.சௌ. ராஜன். சென்னை இராயபுரம் மருத்துவப் பள்ளியில் பயின்று மருத்துவரானார். பின்னர்ப் பர்மாவுக்குச் சென்று இரங்கூனில் மருத்துவப் பணி ஆற்றினார்.

மேற்படிப்பில் நாட்டம் கொண்ட ராஜன், 1907ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கடல் கடந்து சென்றோரை வைதிகர் விலக்கிவைக்கும் வழக்கம் மிகுந்திருந்த காலம் அது. அதனைப் பொருட்படுத்தாது இலண்டனில் தங்கி, எம்.ஆர்.சி.எஸ். என்னும் அறுவை மருத்துவத் தகுதியைப் பெற்றார். இந்திய மாணவர்களும் விடுதலை வேட்கை கொண்ட இளைஞர்களும் கூடிய ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் இல்லத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. திருச்சிராப்பள்ளி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயரும் அவ்வட்டத்தில் இருந்தார். ஒரே மாவட்டத்து இளைஞர் இருவரையும் அயல்மண் நெருங்கிய தோழராக்கியது.

சமையற்கூடத்தில் ஒரு பாடம்

1909ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் இலண்டன்வாழ் இந்தியர் விசயதசமி விருந்துக்கு ஏற்பாடு செய்தனர். தென்னாப்பிரிக்க இந்தியரின் குறைகளை எடுத்துரைக்க அப்போது இலண்டன் வந்திருந்த காந்தியடிகளைத் தலைமை தாங்குமாறு அழைத்தனர். விருந்து முற்றிலும் மரக்கறி உணவாக இருத்தல் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. ஆகவே சமைக்கும் பொறுப்பை மாணவத் தொண்டர்களே ஏற்றனர். அவர்களுள் ராஜனும் ஒருவர்.

தொண்டர்கள் வேலையில் மும்முரமாக இருந்தபோது, மெலிந்த உருவினர் ஒருவர் வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். பாத்திரங்களைத் துலக்கினார், காய்கறிகளைத் தூய்மை செய்தார். அவரும் ஒரு தொண்டர் என்றே அனைவரும் எண்ணினர். பிறகு அங்கு வந்த வ.வே.சு. ஐயர்தாம் அவரை அடையாளம் கண்டார். அன்றைய விருந்தின் தலைவர் காந்தியடிகளே அவர்! உண்மை வெளிப்பட்ட பின்னரும் அவர் தாம் எடுத்த வேலையை விடவில்லை. இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் ராஜன் நினைவுகூர்ந்திருக்கிறார்.

காந்தியடிகளின் இப்பழக்கம் ஒரே நாளில் வந்ததன்று. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1899ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் இடையே போர் மூண்டது. அப்போது அவர் நேட்டாலில் இந்திய ஆம்புலன்ஸ் படை ஒன்றைத் திரட்டினார். இந்தியரின் உதவியை அரசு முதலில் ஏற்கவில்லை. போர் கடுமையானதும் ஏற்றுக்கொண்டது. பூத் என்னும் மருத்துவர் தொண்டர்களுக்குச் செவிலியப் பயிற்சி அளித்தார். படையில் இருந்தோர் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களுள் சுமார் 300 பேர் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டோர். எஞ்சியோர் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி நேட்டால் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருள் தமிழர் பலர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இத்துணைப் பெரிய படையை ஒருவரே நடத்துதல் இயலாது. எனவே ஏறத்தாழ 40 பேர் தலைவர்களாக விளங்கினர். சராசரியாக 27 பேருக்கு ஒரு தலைவர் என்னும் அளவு அது. காயமுற்ற வீரரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடக்கவேண்டிய நிலை பலமுறை நேர்ந்தது. துப்பாக்கிச் சூட்டின் எல்லைக்குள் செல்லவேண்டியதில்லை என்னும் ஏற்பாடு முதலில் இருந்தது. ஸ்பியன் காப் போரின்போது தேவை எழவே, தொண்டர்கள் அவ்வெல்லைக்குள்ளும் சென்று பணிபுரிந்தனர். ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்த அப்படையின் தலைவர்கள் 37 பேருக்குப் போர்ப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சுமந்து நடந்த தொழிலாளரின் பெயர்களோ பதக்கப் பட்டியலில் ஏறவில்லை. தொண்டர் படையைப் பற்றிச் சிந்திப்போர் மறக்கலாகாத செய்தி இது.

கண்டோன்மென்ட் இல்லம்

தாயகம் திரும்பிய ராஜன், திருச்சிராப்பள்ளியில் மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்றார். வருவாயும் மதிப்பும் பெருகிய அவ்வேளையில், 1919ஆம் ஆண்டு ரௌலட் சட்ட எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. ராஜன் அதில் ஈடுபட்டார்; தொடர்ந்து ஒத்துழையாமை இயக்கத்திலும் பங்கேற்றார். தொழிலுக்கும் தொண்டிற்கும் இடையே நேரத்தைப் பங்கிடுவது மருத்துவருக்கு எளிதன்று. அவர் சிறை செல்லும்போதெல்லாம் அவரை நம்பியிருந்த நோயாளிகள் வேறு மருத்துவரை நாடவேண்டியிருக்கும். இவ்விலையை அறிந்தே அவர் பொதுவாழ்வில் நின்றார்.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டி யாத்திரை மேற்கொண்டார். தமிழகத்தில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து சென்று உப்பெடுப்பது என ராஜாஜி முடிவு செய்தார். கண்டோன்மென்ட் பகுதியில் இருந்த ராஜனின் இல்லமே யாத்திரையின் தொடக்க இடமாயிற்று. ஏற்பாடுகளில் ராஜாஜிக்கு உறுதுணையாக நின்றவர் ராஜன். ஏப்ரல் 13ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, விடியற்காலையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் அவ்வில்லத்திலிருந்து புறப்பட்டனர்.

கடக்கவேண்டிய தொலைவு சுமார் 150 மைல். குறித்த காலம் 15 நாள். நாளொன்றுக்குப் பத்து மைல் நடந்தால் போதும் என்று தோன்றும். ஆயினும் சித்திரை வெயிலில் நூறு பேர் நடப்பதற்கு நாள்தோறும் உணவு, குடிநீர், தங்குமிடம், மருந்து ஆகிய அனைத்தும் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அணி தளர்ந்துவிடும். அந்த ஆதரவைத் துண்டிக்கவே தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்த தார்ன் முனைந்தார். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என எச்சரித்தார். உதவியோர் சிலர் சிறைக்கும் சென்றனர். ஆனால் மக்கள் அஞ்சவில்லை. சாலையோர மரங்களில் உணவுப் பொட்டலங்களைக் கட்டிவைத்து மறைந்தனர். இவ்வாறு, பெயர் தெரியாத சிற்றூர் மக்களும் அப்படையின் உறுப்பினராயினர்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்ற அணி ஏப்ரல் 28ஆம் நாள் வேதாரண்யத்தை அடைந்தது. ஏப்ரல் 30ஆம் நாள் ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். தலைவர் சிறைப்பட்டதால் போராட்டம் நின்றுவிடவில்லை. அடுத்தடுத்துப் பொறுப்பேற்கத் தொண்டர்கள் ஆயத்தமாக இருந்தனர். காந்தியடிகள் கைதானதும் அப்பாஸ் தியாப்ஜியும், அவருக்குப்பின் சரோஜினி நாயுடுவும் தலைமை ஏற்றதை இதனோடு ஒப்பிடலாம். தமக்குப்பின் வருவோரை முன்னரே எண்ணிப் பார்ப்பதும் தலைவரின் கடமையே என்பதை உப்புப் போராட்டம் உணர்த்தியது. அப்போராட்டத்திற்காக ராஜனும் சிறைவாசம் ஏற்றார்.

பொறுப்பைச் சட்டமாக்கியவர்

தீண்டாமை ஒழிப்புப் பணிக்கென 1932ஆம் ஆண்டில் ஹரிஜன சேவா சங்கம் தோன்றியபோது, அதன் தமிழ்நாட்டுக் கிளைக்கு ராஜன் தலைவரானார். பின்னர் மத்திய சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1937ஆம் ஆண்டு ராஜாஜி தலைமையில் சென்னை மாகாண அமைச்சரவை அமைந்தபோது, பொதுச் சுகாதாரமும் அறநிலையமும் ராஜனின் துறைகளாயின. ஆலய நுழைவுக்கு வழிவகுத்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாட்சியிலேயே நிறைவேறியது.

அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குறிப்பிடத்தக்கது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய்த் தடுப்பு ஆகியவற்றில் உள்ளாட்சி அமைப்புகளின் கடமைகளை அது வரையறுத்தது. திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் தனி விதிகளை வகுத்தது. பெருங்கூட்டம் கூடும் இடங்களில் காலரா பரவி உயிர்களைக் குடித்த காலம் அது. மருத்துவர் வந்து நோய் தீர்ப்பதைக் காட்டிலும், நோய் வருமுன் நீரையும் இடத்தையும் காப்பது யார் பொறுப்பு என்று எழுதிவைப்பது பெரிது. திருவிழாக் கூட்டத்தின் நடுவே வளர்ந்த மருத்துவருக்கு அதன் தேவையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின்னரும் ராஜன் சென்னை மாகாண அமைச்சராகப் பணியாற்றினார். தம் வாழ்க்கை அனுபவங்களை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலாகத் தமிழில் எழுதினார். 1953ஆம் ஆண்டு மறைந்தார்.

வேதாரண்ய யாத்திரை என்றவுடன் முன்னே நடந்த ராஜாஜியின் உருவமே நம் நினைவில் எழும். அது பொருத்தமே. எனினும் அந்த விடியற்காலையில் நூறு பேர் புறப்பட ஒரு வீட்டின் கதவு திறந்திருந்தது. அதனைத் திறந்துவைத்தவர் திருவரங்கத்து மருத்துவர் ராஜன்.