யோகான் பிரீடரிக் மெக்கல் (மூத்தவர்)

யோகான் பிரீடரிக் மெக்கல் (ஜூலை 31, 1724 – செப்டம்பர் 18, 1774) ஜெர்மன் உடற்கூற்றியலாளர் ஆவார். முகத்தின் ஆழத்தில் மேல்தாடை எலும்பின் பின்னால் மறைந்திருக்கும் சிறு நரம்புத்திரள் ஒன்றை முதன்முதலில் விரிவாக விளக்கியவர் இவரே. இத்திரள் மெக்கல் நரம்புத்திரள் என்றும், மண்டையோட்டின் உள்ளே முக்கிளை நரம்பின் திரளைத் தாங்கும் பை மெக்கல் குகை என்றும் அழைக்கப்படுகின்றன. இதே பெயர் கொண்ட இவரது பேரனும் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் என்பதால், இவர் மூத்த மெக்கல் எனக் குறிப்பிடப்படுகிறார்.

வாழ்க்கை

மெக்கல் இன்றைய ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்திலுள்ள வெட்ஸ்லார் நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலரிடம் மருத்துவம் பயின்று, 1748 இல் பட்டம் பெற்றார். 1751 இல் பெர்லினில் உடற்கூற்றியல், தாவரவியல், மகப்பேற்றியல் ஆகியவற்றின் பேராசிரியரானார். உடல்நலக் குறைவால் 1773 இல் பணியிலிருந்து விலகினார். மறு ஆண்டு பெர்லினில் காலமானார்.

முக்கிளை நரம்பு ஆய்வு

முகத்தின் தொடுவுணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மண்டை நரம்பாகும். கண், மேல்தாடை, கீழ்த்தாடை என மூன்று கிளைகளாகப் பிரிவதால் இது முக்கிளை நரம்பு எனப்படுகிறது. மெக்கல் தமது பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்நரம்பையே. 1748 இல் இலத்தீன் மொழியில் இவ்வாய்வு வெளியானது.

மேல்தாடைக் கிளையைப் பின்தொடர்வது எளிதன்று. அது மண்டையோட்டை விட்டு வெளிவந்ததும், மேல்தாடை எலும்புக்கும் ஆப்புரு எலும்பின் சிறகு போன்ற நீட்சிக்கும் இடையேயுள்ள குறுகிய குழிக்குள் நுழைகிறது. இக்குழியிலிருந்து கண்குழி, மூக்கறை, அண்ணம், மண்டையோட்டின் உட்புறம், கன்னப்பொட்டின் கீழுள்ள குழி ஆகியவற்றிற்கு வழிகள் உள்ளன. மேல்தாடைத் தமனியின் இறுதிப் பகுதியும் இதற்குள்ளேயே கிளைக்கிறது. எலும்பைச் சிறிது சிறிதாக நீக்கினாலன்றி உள்ளே இருப்பதைக் காண இயலாது. இங்கு மேல்தாடை நரம்பிலிருந்து தொங்குவது போல் அமைந்த நரம்புத்திரளை மெக்கல் கண்டறிந்தார். கீழ்த்தாடையின் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டிய மற்றொரு நரம்புத்திரளை விளக்கியவரும் இவரே.

நரம்புத்திரள்களின் பயன் யாது என்ற கேள்வியையும் மெக்கல் எழுப்பினார். அவை நரம்பைப் பல இழைகளாகப் பிரிக்கவும், திசை மாற்றவும், பல இழைகளை ஒன்றிணைக்கவும் உதவுகின்றன என அவர் கருதினார். உயிரணுக் கோட்பாடு தோன்றாத அக்காலத்தில், கண்ணுக்குத் தெரியும் அமைப்பைக் கொண்டே இம்முடிவுக்கு வர முடிந்தது. இத்திரளில் நரம்பணுக்கள் உள்ளன என்பதும், முக நரம்பிலிருந்து வரும் இழைகள் இங்கு தொடர்பு மாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்கும் மூக்கின் சளிச் சுரப்பிகளுக்கும் ஆணை கொண்டு செல்கின்றன என்பதும் பின்னரே தெளிவாயின.

மெக்கல் குகை

காதுப் பகுதியைத் தாங்கும் பாறை போன்ற எலும்பின் முனையில், மூளையின் வெளியுறை ஒரு சிறு பையாக மடிந்துள்ளது. முக்கிளை நரம்பின் பெருந்திரள் இப்பையில் அமர்ந்திருக்கிறது. பை மெக்கலின் பெயரைப் பெற்றது. உள்ளிருக்கும் திரளுக்கோ, வியன்னாவின் யோகான் லோரன்ஸ் காசரின் பெயரை அவருடைய மாணவர் 1765 இல் சூட்டினார்.

தவறான முடிவு

1750களில் பெர்லினில் ஆப்பிரிக்கரின் உடலை அறுத்தாய்ந்த மெக்கல், அவர்களின் மூளையும் இரத்தமும் மற்றவர்களுடையதைவிடக் கருமையானவை என்று எழுதினார். இக்கூற்று முற்றிலும் பிழையானது. எனினும், அக்கால இனவேறுபாட்டு வாதங்களில் இது சான்றாக எடுத்தாளப்பட்டது.

மருத்துவத்தில் பயன்பாடு

மெக்கல் வரைந்த வழித்தடம், ஒரு நூற்றாண்டுக்குப் பின் முகநரம்பு வலிக்கான அறுவை மருத்துவத்திற்கு உதவியது. 1850களில் நியூயார்க்கின் ஜான் மரே கார்னோகன், தாங்கொணா வலியுற்றவர்களுக்கு மேல்தாடை நரம்பை மெக்கல் திரளோடு சேர்த்து வெட்டி நீக்கினார். 1908 இல் அமெரிக்க மருத்துவர் கிரீன்ஃபீல்ட் சிலடர், இத்திரளோடு தொடர்புடைய முகவலியை விளக்கி, மூக்கின் வழியே மருந்திட்டு அதனை மரக்கச் செய்தார். கன்னத்தின் வழியே ஊசியைச் செலுத்தி, மெக்கல் குகையில் வெப்பம், கிளிசரால் அல்லது சிறு பலூன் கொண்டு வலியைக் குறைக்கும் முறைகள் 1970கள், 1980களில் பரவின.

குடும்பமும் பெயர்க் குழப்பமும்

இவரது மகன் பிலிப் மெக்கலும் உடற்கூற்றியல் பேராசிரியராவார். மூத்த மெக்கல் தொடங்கிய உடற்கூற்று மாதிரிகளின் சேகரிப்பை மகனும் பேரனும் ஹாலே நகரில் பெரிதாக்கினர். பிலிப்பின் எலும்புக்கூடும், அவரது விருப்பப்படி, அதில் இடம்பெற்றது. 1836 இல் பிரசிய அரசு இதனை விலைக்கு வாங்கி ஹாலே பல்கலைக்கழகத்திற்கு அளித்தது.

பாடநூல்களில் காணப்படும் மெக்கல் என்னும் பெயர் ஒருவரையே குறிப்பதன்று. நரம்புத்திரளும் குகையும் பாட்டனாருக்கு உரியவை. சிறுகுடலின் மெக்கல் பிதுக்கமும் கருவின் கீழ்த்தாடையில் தோன்றும் மெக்கல் குருத்தெலும்பும் பேரனுக்கு (1781–1833) உரியவை.