பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகள் சரித்திரமும் யோகத்தின் அடிநிலையும்

திருச்சிற்றம்பலம்

கொங்கு மண்டலத்தின்கண், காஞ்சிமாநதி எனப் புராணம் போற்றும் நொய்யலாற்றங்கரையில், மேலைச்சிதம்பரம் என்னும் சிறப்புப் பெயர் பூண்டு விளங்குவது திருப்பேரூர். பட்டிப்பெருமான் பச்சைநாயகியம்மையோடு வீற்றிருந்தருளும் இத்தலம் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று. இதன் பெருமையைத் திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் 18-ஆம் நூற்றாண்டிற் பேரூர்ப் புராணமாகப் பாடியருளினார். மேற்கே வெள்ளியங்கிரி, வடபால் மருதமலை. மருதமலையிற் பாம்பாட்டிச் சித்தர் குகை இன்றும் வழிபடப்படுகின்றது. இங்ஙனம் யோகியரும் சித்தரும் விரும்பி உறைந்த நிலமாகலின், இந்நாளிலும் வெள்ளியங்கிரிச் சாரலில் யோகப் பயிற்சி நிலையங்கள் பல எழுந்துள்ளன. கோயம்புத்தூரில் 1943-ஆம் ஆண்டு ஆரிய வைத்திய பார்மசி தோன்றிய பின்னர் ஆயுர்வேத சிகிச்சையும் இந்நகரில் நன்கு வேரூன்றிற்று. ஆதாரங்களை எழுப்புதற்கும் உடலைச் செம்மை செய்தற்கும் பல தேயத்தாரும் இங்கு வருகின்றனர்.

வருவோர் பலரும் அறிய விரும்புவது மூச்சை நிறுத்தும் முறையும், சக்கரங்களைத் திறக்கும் வகையும், உணவின் அளவுமேயாம். இவை எதன்மேல் நிற்பன என்று வினவுவார் சிலரே. அவ்வினாவுக்கு விடையாக, ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் இப்பேரூரிலேயே ஒரு மகான் வாழ்ந்து காட்டிச் சென்றனர். அவர் பேரூர் ஆதீனத்தின் ஆதிகுரவராகிய ஸ்ரீ சாந்தலிங்க சுவாமிகள் ஆவர்.

சுவாமிகள் 17-ஆம் நூற்றாண்டினர், வீரசைவ மரபினர். துறையூர்ச் சிவப்பிரகாச சுவாமிகளைத் தமக்கு ஞானாசாரியராகக் கொண்டு, அவர்பால் உபதேசம் பெற்றனர். இச்சிவப்பிரகாசர் வேறு, நன்னெறியும் பிரபுலிங்கலீலையும் பாடிய துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள் வேறு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னவரோடு நம் சுவாமிகளுக்கு இருந்த தொடர்பு உறவுமுறைத் தொடர்பாம். துறைமங்கலம் சிவப்பிரகாசர்க்கு வேலையர், கருணைப்பிரகாசர் என்னும் தம்பியர் இருவரும், ஞானாம்பிகை என்னும் தங்கையாரும் இருந்தனர். அவ்வம்மையாரையே சாந்தலிங்க சுவாமிகள் மணம் புரிந்தனர். உடன்பிறந்தார் மூவரும் பெரும்புலவராக விளங்கிய குடியில் மருகராய்ப் புக்கவர்க்குக் கல்வியும் புகழும் எளிதின் எய்தக் கிடந்தன. எனினும் சுவாமிகள் அவற்றின்கண் உள்ளம் தோயாது, துறவு நெறியை மேற்கொண்டு, பேரூரை அடைந்து, பட்டிப்பெருமான் சந்நிதியையே தமக்கு நிலையான இடமாகக் கொண்டு, மடம் அமைத்து எழுந்தருளியிருந்தனர்.

அம்மடத்தில் மாணாக்கர் எவ்வாறு பயிற்றப்பட்டனர் என்பதை அறிதற்குக் குமாரதேவர் வரலாறு ஒன்றே சாலும். குமாரதேவர் கன்னட தேயத்தில் அரசு புரிந்தவர். அரச போகத்தில் உவர்ப்புத் தோன்றி, மெய்யாசிரியரைத் தேடிப் புறப்பட்டுப் பேரூரை அடைந்து, சுவாமிகள் திருவடியில் வீழ்ந்து உபதேசம் வேண்டினர். சுவாமிகளோ உடனே உபதேசம் செய்தாரல்லர். பசுக்களுக்குப் புல் அறுத்து வருதல், தொழுவத்துச் சாணம் அள்ளுதல் முதலிய ஏவற்பணிகளை அவர்க்கு இட்டனர் என்று அம்மரபினர் வழிவழியாகக் கூறுவர். முடி தாங்கிய தலையிற் கூடை ஏறிற்று. அரசர் அதனை இழிவென எண்ணாது, இதுவே தமக்கு வாய்த்த பெரும்பேறு எனக் கொண்டு நெடுநாள் பணி செய்தனர். யான் எனதென்னும் செருக்குத் தேய்ந்து அற்ற பின்னரே சுவாமிகள் அவரைத் திருவடி தீண்டி உபதேசித்தருளினர்.

ஈண்டு ஆராய்தற்குரியது ஒன்றுண்டு. வந்தவர் அரசர், கற்றவர், துறவுள்ளம் உடையவர். அத்தகையார்க்கு ஆசனமும் பிராணாயாமமும் முதற்கண் கற்பித்தால் ஆகாதோ எனின், ஆகாது என்பதே சுவாமிகள் திருவுள்ளம் போலும். அரசச் செருக்கோடு மூச்சை அடக்குவார்க்கு அடங்குவது மூச்சு மட்டுமே. செருக்கு அடங்காது நின்று, யோகசித்தியால் மேலும் கொழுக்கும். ஆகலின் சரியைத் தொண்டே முதற்படியாக வைக்கப்பட்டது. புல்லும் சாணமும் ஈண்டு யோகத்தின் கருவிகளாயின.

சுவாமிகள் அருளிச்செய்தனவாகப் பெரிதும் போற்றப்படும் நூல்கள் நான்கு. அவை கொலை மறுத்தல், வைராக்கிய சதகம், வைராக்கிய தீபம், அவிரோத உந்தியார் என இம்முறையில் எண்ணப்படுதல் வழக்கு. இவ்வைப்புமுறையை உற்று நோக்கின் ஒரு சாதனப் படிமுறை புலப்படும். உயிர்க்கொலையும் ஊனுணவும் தவிர்தல் முதற்படி. பற்றறுத்தலும் அதன்கண் உறுதி பெறுதலும் இடைப்படி. சமயங்களுக்குள் மாறுகொள்ளாது நின்று மெய்ம்மையைக் காண்டல் முடிந்த படி. கொல்லாமை கைவராதார்க்கு வைராக்கியம் இல்லை. வைராக்கியம் இல்லார்க்கு ஞானம் இல்லை.

இதனை ஆறாதாரக் கொள்கையோடு பொருத்திக் காண்டல் பொருந்தும். மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என ஆறாதாரங்களை யோகநூலார் பலர் எண்ணுவர். வீரசைவர் இவ்வாறிடங்களிலும் முறையே ஆசாரலிங்கம், குருலிங்கம், சிவலிங்கம், சங்கமலிங்கம், பிரசாதலிங்கம், மகாலிங்கம் என ஆறு இலிங்கங்களைப் பாவிப்பர். பத்தத்தலம் முதல் ஐக்கியத்தலம் ஈறாகிய ஆறு தலங்களையும் இவற்றோடு இயைப்பர். மூலாதாரத்தில் வைக்கப்பட்டது ஆசாரலிங்கம் ஆதல் காண்க. ஆசாரமாவது நல்லொழுக்கம். எனவே ஒழுக்கமே ஆதாரங்களுக்கெல்லாம் ஆதாரம் என்பது அம்மரபின் துணிபாயிற்று. அடுத்த இடத்தில் நிற்பது குருலிங்கம். குமாரதேவரைப் பணியில் நிறுத்தியதும், கொலை மறுத்தலை முதல் நூலாக வைத்ததும் இம்மரபினின்று வேறுபட்டன அல்ல என யாம் துணிகின்றோம். அடியில் ஒழுக்கம் நில்லாதாயின், மேலெழுப்பப்படுவது யாதோ, அது குண்டலி என்னும் பெயர்க்கு உரியதாகாது.

சைவ சித்தாந்த நூல்களும் இதனோடு மாறுகொள்ளா. திருமூலதேவ நாயனார் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரித்தருளுங்கால், இயமத்தை முதலுறுப்பாக வைத்து, அவ்வியமத்துள்ளும் கொல்லாமையையே தலைக்கண் வைத்தனர். ஆசனமும் பிராணாயாமமும் தியானமும் அதன் பின்னரே வருவன. எட்டுறுப்புள் முதலிரண்டை நீக்கி மூன்றாவதினின்று தொடங்குவார், வேரைக் களைந்து மரத்தை நடுவாரோடு ஒப்பர்.

அற்றேல், ஊன் தவிர்த்தல் உடல் நலத்தின் பொருட்டும் இந்நாளிற் பலரால் மேற்கொள்ளப்படுகின்றதன்றோ, அதுவே அமையாதோ எனின், கூறுதும். வளி அழல் ஐயம் என்னும் மூன்றனையும் சமன் செய்யும் உணவே நல்லுணவு என்பது வைத்திய நூற்றுணிபு. அந்நூல்களின் நோக்கம் நோய் நீக்கமாகலின், சரக சங்கிதை முதலிய ஆயுர்வேத நூல்கள் மெலிந்தார்க்கு ஊன்சாறு விதித்தலும் உண்டு. வைத்தியத்தின் பொருட்டு ஊன் விடுத்தவன், வைத்தியத்தின் பொருட்டே அதனை மீண்டும் கொள்ளவும் கூடும். சுவாமிகள் கொண்ட காரணம் அத்தகையதன்று. உயிர்கள் அனைத்தும் இறைவன் அருளுக்கு உரியன. அவற்றின்பால் இரக்கம் இல்லாதான் இறைவன்பால் அன்புடையான் ஆகான் என்னும் அருள்நெறியே அதன் அடிநிலை. ஒருவன் தன்னுடலைக் காத்தற்கு உண்ணாமை வேறு. பிறிதோருயிரைக் காத்தற்கு உண்ணாமை வேறு. முன்னையது பத்தியம், பின்னையது விரதம். பத்தியம் நோயோடு முடியும். விரதம் உயிரைப் பக்குவப்படுத்தும். சைவர் உடலைப் போற்றுதலை இகழ்பவரல்லர். போற்றப்படும் உடல் எதன்பொருட்டுப் போற்றப்படுகின்றது என்பதையே அவர் வினவுவர்.

இனி, யோகம் வேண்டாவென்பதோ சுவாமிகள் கருத்து எனின், அன்று. சரியை கிரியை யோகம் ஞானம் என்னும் நாற்பாதங்களுள் யோகம் மூன்றாவதாய் நின்று, சாரூபத்தைத் தருவது. சாயுச்சியமாகிய பரமுத்தி ஞானத்தாலன்றி எய்தாது எனச் சிவஞான சித்தியார் வரையறுத்தது. ஆகவே யோகத்திற்கு முன்னும் படியுண்டு, பின்னும் படியுண்டு. ஆதாரங்களைக் கடந்தவிடத்து நிராதாரம் உண்டு; அதனையும் கடந்து அருளில் அழுந்துதல் உண்டு. உந்தியார் என்னும் யாப்பு, மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் முதலாவதாகிய உய்யவந்த தேவர் திருவுந்தியாரால் நம்மவர்க்கு நன்கு பழகியது. சுவாமிகள் தம் முடிந்த நூலை அவ்வுந்தி வடிவில் அமைத்து, அவிரோதம் என்னும் பெயரிட்டது நோக்கத்தக்கது. வீரசைவர்க்கும் சித்தாந்த சைவர்க்கும் தீக்கை முறையிலும் இலிங்கதாரணத்திலும் வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமையை மறைத்தல் வேண்டா. அதுபற்றிப் பகைத்தலும் வேண்டா. பக்குவ வேற்றுமைக்கு ஏற்ப நெறிகள் வேறுபடுமேனும், முடிந்த பொருளில் விரோதம் இல்லை என்பதே அந்நூலின் உட்கிடை.

சுவாமிகள் ஏற்றிய விளக்கு பேரூரளவில் நின்றதன்று. உபதேசம் பெற்ற குமாரதேவர் விருத்தாசலத்தை அடைந்து ஆங்கு மடம் நிறுவினர். மகாராசா துறவு, சுத்த சாதகம், அத்துவித உண்மை முதலாக அவர் அருளிய நூல்கள் குமாரதேவர் சாத்திரக்கோவை என வழங்குகின்றன. அவர் மாணாக்கராகிய சிதம்பர சுவாமிகள் திருப்போரூரை அடைந்து, முருகப்பெருமான் திருக்கோயிலைப் புதுக்கித் திருப்பணி செய்து, திருப்போரூர்ச் சந்நிதிமுறையைப் பாடியருளினர். தம் பரமாசாரியராகிய சாந்தலிங்க சுவாமிகள் நூல்களுக்கு உரை வகுத்தவரும் இவரே. ஆசிரியர் நூல் செய்ய, மாணாக்கர் அதன்படி வாழ்ந்து காட்ட, மாணாக்கரின் மாணாக்கர் அதற்கு உரை காண்பாராயினர். இங்ஙனம் மூன்று தலைமுறை ஒரு நெறியில் நின்றது பெரிதும் வியக்கத்தக்கது.

சுவாமிகள் பேரூரிலேயே சிவபரிபூரணம் எய்தினர். அவர் சமாதித் திருக்கோயிலை உள்ளிட்ட திருமடம் இன்றும் வழிபாடும் அன்னம் பாலிப்பும் குறைவின்றி நடைபெறும் இடமாகத் திகழ்கின்றது. சுவாமிகள் திருப்பெயரால் 1953-ஆம் ஆண்டில் ஆங்குத் தமிழ்க் கல்லூரி தோன்றிற்று. அதற்குக் காரணராயிருந்து, தமிழ் வழிபாட்டையும் கொங்குநாட்டிற் பரப்பிய சாந்தலிங்க இராமசாமி அடிகளார் 2018-ஆம் ஆண்டில் இறைவன் திருவடி எய்தினர். அவர்க்குப் பின்னரும் அப்பரம்பரை தொடர்ந்து வருகின்றது.

பேரூரிற் பிறவாப்புளி, இறவாப்பனை, புழுக்காத சாணம் என அற்புதங்கள் சில கூறப்படும். தலத்தை வழிபட வருவோர் அவற்றை ஆர்வத்துடன் கேட்பர். அரசராயிருந்தவர் ஒருவர் அவ்வூர்ச் சாணத்தைத் தலையிற் சுமந்து ஞானியானார் என்பது அவ்வற்புதங்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. யோகம் பயில விழைந்து வெள்ளியங்கிரிச் சாரலுக்குச் செல்லும் அன்பர்கள், செல்லும் வழியிற் பேரூரில் இறங்கி, பட்டிப்பெருமானைத் தொழுது, சாந்தலிங்க சுவாமிகள் சமாதியையும் வழிபட்டு, கொலை மறுத்தலை ஒருமுறையேனும் ஓதி உணர்ந்து, அதன் பின்னர் மலையை நோக்கி நடப்பார்களாக. சைவ மடங்களைச் சார்ந்தோரும், தம்மை நாடிவரும் இளைஞர்க்கு முதற்கண் தொண்டினையும் கொல்லாமையையும் பயிற்றி, அவை கைவந்த பின் யோக ஞானங்களை உணர்த்துதல் கடனாம்.

சிவம்.