ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

நுழையும் முன்

லோஹேகாவைச் சுற்றிலும் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பிய வண்ணம் உள்ளன. சிமெண்டும் கம்பியும் கண்ணாடியும் நெடுந்தொலைவிலிருந்து வந்து இறங்குகின்றன. ஒரு குடும்பம் வாழ்வதற்கு இவை அனைத்தும் வேண்டுமா? இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் எழுப்பி, அதற்கு விடையாகப் பல வீடுகளைக் கட்டிக் காட்டிய ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் தொண்டும்

லாரன்ஸ் வில்பிரட் பேக்கர் 1917 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரில் பிறந்தார். லாரி பேக்கர் என்பதே அவருக்கு வழங்கிய பெயர். பிறந்த நகரிலேயே கட்டடக்கலை பயின்று 1937 இல் பட்டம் பெற்றார். போரை ஏற்காத குவேக்கர் என்னும் சமயப் பிரிவில் அவர் இணைந்திருந்தார். ஆகவே, இரண்டாம் உலகப்போர் மூண்டபோது படைக்கலம் ஏந்தாமல், மருத்துவ உதவிக் குழுவில் சேர்ந்து சீனம் சென்றார். அங்குத் தொழுநோயாளர்களுக்கும் தொண்டு செய்தார்.

தாயகம் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பே அவர் வாழ்வின் திசையை மாற்றியது. காந்தியடிகளைக் காணும் வாய்ப்பு அப்போது கிட்டியது. துணித் துண்டுகளைக் கொண்டு கையால் செய்யப்பட்ட பேக்கரின் காலணி அடிகளின் கவனத்தை ஈர்த்தது. ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள், அது அமையும் இடத்திலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைப்பவையாக இருத்தல் வேண்டும் என்பது அடிகளின் கருத்து. அக்கருத்து இளம் பேக்கரின் உள்ளத்தில் விதையாய் விழுந்தது.

இரு வழிகள்

போருக்குப் பின் இங்கிலாந்தில் வீடில்லாதோர் பெருகினர். அவர்களுக்காகச் சுவரையும் கூரையையும் தொழிற்சாலையில் செய்து, கொண்டுவந்து பொருத்தும் ஆயத்த வீடுகள் 1,50,000-க்கும் மேல் அமைக்கப்பட்டன. விரைவு வேண்டிய அந்நேரத்தில் அவை பயன்பட்டன. விடுதலை பெற்ற இந்தியாவிலும் அத்தகைய வீடுகளுக்கென ஒரு தொழிற்சாலை தில்லியில் தொடங்கப்பட்டது. ஆயினும் அங்கு வார்க்கப்பட்ட பலகைகள் உறுதியாக அமையாமையால் அம்முயற்சி நிலைக்கவில்லை.

பேக்கர் வேறு வழியில் நடந்தார். தொழுநோய் இல்லங்களை மருத்துவமனைகளாக மாற்றியமைக்கும் பணிக்காக 1945 இல் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை 1948 இல் மணந்தார். இருவரும் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் மருத்துவமனை அமைத்து ஏறத்தாழ 16 ஆண்டுகள் பணியாற்றினர்.

பர்மிங்காமில் கற்ற கல்வி அம்மலைச்சரிவில் போதுமானதாக இல்லை. அங்குள்ள எளிய மக்களோ கல், மண், மரம் ஆகியவற்றைக் கொண்டே குளிரையும் மழையையும் தாங்கும் வீடுகளை எழுப்பியிருந்தனர். அவ்வீடுகள் பல தலைமுறைகளின் பட்டறிவால் உருவானவை என்பதைப் பேக்கர் உணர்ந்தார். கற்பிக்க வந்தவர் கற்கத் தொடங்கினார்.

செங்கல்லில் சிக்கனம்

1963 இல் பேக்கர் குடும்பத்தினர் கேரளத்திற்குக் குடிபெயர்ந்தனர். முதலில் வாகமண் மலைப்பகுதியிலும், பின்னர்த் திருவனந்தபுரத்திலும் வாழ்ந்தனர். அங்குதான் பேக்கரின் கலை முழுமை பெற்றது. அவர் கையாண்ட முறைகள் எளியவை; ஆனால் ஆழ்ந்து சிந்தித்துக் கண்டவை.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. வழக்கமாகச் செங்கற்களைப் படுக்கையாக அடுக்குவர். பேக்கர் அவற்றைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கு இடையே வெற்றிடம் விட்டு அடுக்கச் செய்தார். இதனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாயிற்று. இடையே அடைபட்ட காற்று, வெளிவெப்பம் உள்ளே புகுவதைக் குறைத்தது.

இரண்டாவது, ஓடு பதித்த கூரை. காங்கிரீட் கூரையின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. எனவே, கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டும் கம்பியும் குறைந்தன. கூரையின் எடையும் குறைந்தது.

மூன்றாவது, துளைச்சுவர். செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டிய இச்சுவர், விலைமிக்க சன்னல்கள் இல்லாமலே காற்றையும் ஒளியையும் வரவேற்றது, கண்கூச்சத்தைத் தணித்தது. மின்விசிறியின் தேவையும் பகலில் விளக்கின் தேவையும் குறைந்தன. மேலும், சிமெண்ட், இரும்பு, கண்ணாடி ஆகியவற்றை உருவாக்கவே பெரும் ஆற்றல் செலவாகிறது என்பதால், வேண்டிய அளவுக்கு மேல் அவற்றை அவர் பயன்படுத்தவில்லை.

நிலத்தின் சரிவை அவர் வெட்டிச் சமப்படுத்துவதில்லை. மரம் குறுக்கிட்டால் மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பார். திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் மீனவர்களுக்கு வீடுகள் அமைத்தபோது, அவற்றை ஒரே நேர்வரிசையில் நிறுத்தாமல் முன்பின்னாக அமைத்தார். அதனால் கடற்காற்று ஒவ்வொரு வீட்டையும் எட்டியது.

ஐயமும் விடையும்

பேக்கரின் வீடுகளை அனைவரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பூசாத சுவர் வறுமையின் அடையாளமாகப் பலருக்குத் தோன்றியது. செலவு குறைந்தால் உறுதியும் குறையும் எனச் சிலர் ஐயுற்றனர். எளிய மக்களும் சிமெண்ட் வீட்டையே பெருமையாகக் கருதினர்.

பேக்கர் சொல்லால் வாதிடவில்லை, கட்டிக் காட்டினார். நாலாஞ்சிறைக் குன்றில் தம் இல்லத்தையும் இதே முறையில் எழுப்பி அதிலேயே வாழ்ந்தார். 1970களில் உள்ளூர் ஆய்வு நிறுவனமான வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் குறைந்த செலவில் அமைத்தார். தம்பானூரில் குறுகிய நிலத்தில் சுருள்வடிவில் உயரும் இந்தியன் காபி ஹவுஸ் இன்றும் மக்களை ஈர்க்கிறது. பூச்சு இல்லாத சுவரில் பிழையை மறைக்க இயலாது. ஆகவே கொத்தனாரின் கைத்திறன் வெளிப்படையாகத் தெரிந்தது. தொழிற்சாலைக்குச் செல்ல வேண்டிய பணத்தின் ஒரு பகுதி தொழிலாளியின் கூலியாயிற்று.

இம்முறைகளைப் பரப்புவதற்காக 1985 இல் கோஸ்ட்போர்டு என்னும் அமைப்புத் தோன்றியது. இந்தியக் குடியுரிமை பெற்ற பேக்கருக்கு 1990 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2007 ஏப்ரல் 1 ஆம் நாள், 90 ஆம் அகவையில், திருவனந்தபுரத்தில் அவர் இயற்கை எய்தினார்.

வேற்று மண்ணிலிருந்து வந்தவர், வந்த மண்ணை உற்று நோக்கினார். அதன் மக்களிடம் கற்றார். கற்றதை அவர்களுக்கே வீடாகத் திருப்பித் தந்தார்.

சொல்லும் பொருளும்

படைக்கலம் – போர்க்கருவி
பட்டறிவு – அனுபவ அறிவு
இழுவிசை – இழுக்கும் விசை
அகவை – வயது

சிந்தித்து எழுதுக

1. காந்தியடிகளின் ஐந்து மைல் கருத்தைப் பேக்கர் எவ்வாறு நடைமுறைப்படுத்தினார்?
2. எலிப்பொறிக் கட்டினால் விளையும் இரு நன்மைகள் யாவை?
3. பூசாத சுவரில் கொத்தனாரின் திறன் வெளிப்படுவது ஏன்?

செயல்பாடு

வாகோலியில் கல்குவாரிகள் உள்ளன. லோஹேகாவிலிருந்து ஐந்து மைல், அதாவது எட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்குள் கிடைக்கும் கட்டுமானப் பொருள்களைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. உங்கள் சொந்த ஊரிலுள்ள பழைய வீடு எப்பொருள்களால் கட்டப்பட்டது என்பதையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி, இரண்டையும் ஒப்பிடுக.