மூவர் ஆசையும் ஒரு நாட்டின் அழிவும்

திருவனந்தபுரம் தலைமைச் செயலக வளாகத்தில் சிலையாக நிற்கும் வேலுத்தம்பி தளவாய், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் 1765-ல் பிறந்தவர்.

1798-ல் பதினாறு வயதுப் பாலராம வர்மா திருவிதாங்கூர் மன்னரானார். சாலைக் கடைவீதியை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் பதவியிழந்து, 1799-ல் மாண்டார். அரண்மனையில் ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்து தரகன் ஆகிய மூவர் கை ஓங்கியது. இளம் மன்னரின் அனுபவமின்மையே அவர்களுக்கு முதலாயிற்று. கஜானா காலியானதும் வசதியுள்ளவர்களின் பட்டியல் போட்டுப் பணம் கேட்டார்கள். கொடுக்க மறுத்தவர்களுக்குக் கசையடியும் சிறையும் கிடைத்தன.

அரசுப் பணியில் இருந்த வேலுத்தம்பியிடமும் ஒரு பெருந்தொகை கேட்கப்பட்டது. தவணை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய அவர், பணம் திரட்டவில்லை, மக்களைத் திரட்டினார். நாஞ்சில் நாட்டிலிருந்து பெருங்கூட்டம் திருவனந்தபுரம் கோட்டை வாசலுக்கு வந்தது. மன்னர் பணிந்தார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன.

சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய் ஆனார். லஞ்சம் வாங்கிய அதிகாரிகளை அவர் விட்டுவைக்கவில்லை. ஆனால் முந்தையவர்கள் வைத்துப்போன கடன் அவர் தலையில் விழுந்தது. செலவைக் குறைக்கப் படைவீரர்களின் படியில் கை வைத்ததும் 1804-ல் கலகம் மூண்டது. அதை அடக்கக் கம்பெனியின் துணையை நாடினார். உதவிக்கு வந்தவர்கள் விலை கேட்டார்கள். 1805 உடன்படிக்கைப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டியதாயிற்று. நாட்டு நிர்வாகத்திலும் கம்பெனி தலையிட்டது.

பாக்கி ஏறியது, ரெசிடெண்ட் மெக்காலேயின் நெருக்கடியும் ஏறியது. ஒரு காலத்தில் அவர் தயவை நம்பியிருந்த வேலுத்தம்பி, 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டு மக்களைப் போருக்கு அழைத்தார். காலம் கடந்துவிட்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கோட்டை வீழ்ந்தது. துரத்தப்பட்ட தளவாய் மண்ணடிக் கோயிலில் உயிர் துறந்தார். அவர் உடலைத் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள்.

இரண்டே ஆண்டுகளில், 1811-ல், கர்னல் மன்றோ என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூரின் திவான் ஆனார். மூவர் தங்கள் பெட்டியை நிரப்பிக்கொண்டது ஓராண்டுக்குள்தான். அதற்கான வட்டியை நாடு தன் சுதந்திரத்தால் கட்டியது. அந்த மூவரைப் பதவியிலிருந்து இறக்க ஒரு கூட்டம் போதுமாயிருந்தது. அவர்கள் செய்துவைத்த கேட்டைச் சீர்செய்ய ஒரு வீரனின் உயிரும் போதவில்லை.