கூடுதல் வாக்குப் பெற்றும் ஜனாதிபதியாகாத சாமுவேல் டில்டன்

2016 நவம்பரில் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைக் கூடுதலாகப் பெற்றும் தோற்றபோது, அது எப்படி நடக்கும் என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். நாடு முழுவதையும் ஒரே கணக்காக எண்ணி ஜனாதிபதியைத் தெரிவு செய்து பழகிய எங்களுக்கு அது புதிராகத் தெரிவதில் வியப்பில்லை. விடை தேடிப் போன இடத்தில்தான் சாமுவேல் டில்டனைச் சந்தித்தேன். 1824, 1876, 1888, 2000, 2016 என ஐந்து தடவைகள் அங்கே கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்றிருக்கிறார். அளிக்கப்பட்ட வாக்குகளில் பாதிக்கும் மேல் பெற்றுத் தோற்றவர் டில்டன் ஒருவர்தான்.

1814இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ லெபனான் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் கடை வைத்திருந்தார். மருந்தும் தயாரித்து விற்றார். பின்னாளில் ஜனாதிபதியான மார்ட்டின் வான் பியூரன் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கியவர் என்பதால் அரசியல் பேச்சு வீட்டுக்குள்ளேயே இருந்தது. சிறு வயதிலிருந்தே நோயாளி. தனக்கு என்னென்ன வருத்தம் என்று எண்ணிப் பார்ப்பதிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் என்று சொன்னால் மிகையில்லை. திருமணம் செய்யவில்லை. சட்டத்தரணியாகி, ரயில்வே கம்பனிகளுக்காக வாதாடிப் பெருஞ்செல்வம் சேர்த்தார்.

மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு அவருக்கு வராது. அவருடைய பலம் கணக்குப் புத்தகம். நியூயோர்க் மாநகரைச் சூறையாடிக்கொண்டிருந்த வில்லியம் ட்வீட் என்ற அரசியல் பெருந்தலையை 1871இல் அவர் மடக்கியது அப்படித்தான். வங்கிக் கணக்குகளை வரி வரியாகப் பார்த்து, ஒப்பந்தகாரர்களுக்குப் போன மாநகரப் பணம் எந்த வழியாக ட்வீட்டின் கைக்குத் திரும்பி வந்தது என்று காட்டினார். ட்வீட் அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சிக்காரர். சொந்தக் கட்சித் திருடனைப் பிடித்துக் கொடுத்தவர் என்ற பெயரோடு 1874இல் மாநில ஆளுநராகவும், 1876இல் ஜனாதிபதி வேட்பாளராகவும் ஆனார். எதிரே குடியரசுக் கட்சியின் ரதர்போர்ட் ஹேய்ஸ், ஒஹாயோ மாநில ஆளுநர்.

இனி அந்தத் தேர்தல் முறை. அமெரிக்க வாக்காளர் ஜனாதிபதியை நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர்களைத் தெரிவு செய்கிறது; அவர்களே ஜனாதிபதியைத் தெரிவு செய்கிறார்கள். பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு எத்தனை ஆசனமோ, அதனுடன் இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் வருவது அந்த மாநிலத்தின் தேர்வாளர் தொகை. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு வாக்கால் முந்தினாலும் அத்தனை தேர்வாளரும் முந்தியவருக்கே. இன்று மொத்தம் 538, வெல்ல 270 வேண்டும். 1876இல் மொத்தம் 369, தேவை 185.

நாடு முழுவதிலும் டில்டனுக்கு ஏறக்குறைய 43 இலட்சம் வாக்குகள். ஹேய்ஸுக்கு 40 இலட்சத்துக்குச் சற்று மேல். தான் தோற்றுவிட்டதாக எண்ணியே ஹேய்ஸ் அன்றிரவு படுக்கைக்குப் போனார். சிக்கலில்லாத முடிவுகளின்படி டில்டனுக்கு 184 தேர்வாளர்கள், ஹேய்ஸுக்கு 165. தெற்கே புளோரிடா (4), லூசியானா (8), தென் கரோலினா (7) ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்தும் இரண்டு விதமான முடிவுகள் வோஷிங்டனுக்கு வந்தன. ஒரிகனில் ஒரு தேர்வாளர் தபால் அதிகாரியாக இருந்ததால் அவருடைய தகுதி தகராறாயிற்று. ஆக 20 இடங்கள் தொங்கின. டில்டனுக்கு அதில் ஒன்று போதும். ஹேய்ஸுக்கு இருபதும் வேண்டும்.

கொலராடோ என்ற மாநிலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாநிலமாகி மூன்று மாதமே ஆகியிருந்தது. பொதுமக்கள் வாக்களிப்பு நடத்தாமல் அதன் சட்டசபையே மூன்று தேர்வாளர்களை நியமித்தது. மூவரும் ஹேய்ஸ் பக்கம்.

அந்தத் தென் மாநிலங்களில் என்ன நடந்தது என்பதைப் படித்தபோது டில்டன் மீதிருந்த என் அனுதாபம் கொஞ்சம் குறைந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து 11 ஆண்டுகள். 1870இல் வந்த 15ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உறுதி செய்திருந்தது. அவர்கள் லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தார்கள். அவர்களை வாக்குச் சாவடிக்கு வரவிடாமல் தடுப்பதே டில்டன் கட்சியின் தெற்குக் கிளைகளுடைய தேர்தல் வேலையாக இருந்தது. 1876 யூலையில் தென் கரோலினாவின் ஹம்பேர்க் ஊரில் ஆறு கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சிவப்புச் சட்டை அணிந்த ஆயுதக் குழுக்கள் குதிரைகளில் வந்து கூட்டங்களைக் கலைத்தன. அந்த மாநிலத்தில் இருந்த வாக்காளரிலும் கூடுதலான வாக்குகள் பதிவாகின. மறுபுறம், குடியரசுக் கட்சியினரின் கையிலிருந்த எண்ணும் சபைகள் டில்டனின் வாக்குகளைக் கட்டுக்கட்டாக நிராகரித்தன. அந்த 43 இலட்சத்துக்குள் பயத்தால் வராத வாக்குகள் எத்தனை என்று கணக்குப் புலியான டில்டனாலும் எண்ணியிருக்க முடியாது.

வந்த இரண்டு முடிவுகளில் எதை ஏற்பது, யார் எண்ணுவது என்று அரசியலமைப்பு தெளிவாகச் சொல்லவில்லை. 1877 ஜனவரியில் ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து உயர் நீதிமன்ற நீதியரசர்கள் கொண்ட ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கட்சிக்கு ஏழு பேர், நடுவில் சுயேச்சையாகக் கருதப்பட்ட நீதியரசர் டேவிட் டேவிஸ் என்பது திட்டம். அந்த நேரம் பார்த்து இலினோய் சட்டசபை, டில்டன் கட்சியினரின் வாக்குகளும் சேர்ந்து, டேவிஸைச் செனட்டராகத் தெரிவு செய்தது. அவர் விலகினார். அவரது இடத்துக்கு வந்த ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சி சார்பானவர். ஒவ்வொரு தகராறும் எட்டுக்கு ஏழு என்று முடிந்தது. மார்ச் 2 அதிகாலையில் 185க்கு 184 என அறிவித்தார்கள்.

டில்டனுக்காக ஆயுதம் எடுப்போம் என்றவர்கள் இருந்தார்கள். அவர் இடம் கொடுக்கவில்லை. தகராறு சூடாக இருந்த வாரங்களில் அவர் செய்த வேலை, முந்தைய தேர்தல்களில் வாக்குகள் எப்படி எண்ணப்பட்டன என்று ஒரு நீண்ட சட்ட ஆய்வை எழுதியது. அதைக் கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. இன்னொரு போரைத் தவிர்த்தவர் என்றே நான் பார்க்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் அவரல்லர்.

பெப்ரவரி இறுதியில் வோஷிங்டனின் வோர்ம்லி ஹோட்டலில் இரு தரப்பினரும் கூடிப் பேசினார்கள். தெற்கின் ஜனநாயகக் கட்சியினர் ஹேய்ஸின் பதவியேற்பைத் தடுக்க மாட்டார்கள். தெற்கிலுள்ள மத்திய படையினர் விலக்கப்படுவார்கள். அந்த ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர். இராணுவம் என்ற சொல் எங்களுக்கு வேறு நினைவுகளைத் தரும். தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளனுக்கு அன்று அதுதான் கடைசிக் காவல். ஏப்ரலில் தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் அரசாங்கக் கட்டடங்களைக் காத்துநின்ற படையினர் விலக்கப்பட்டார்கள். சில நாட்களில் அந்த மாநில அரசுகள் கைமாறின.

இதில் தேர்வாளர் முறையின் பங்கும் உண்டு. அடிமை முறை இருந்த காலத்தில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தெற்குக்கு ஆசனங்களும் தேர்வாளர்களும் கொடுக்கப்பட்டன. விடுதலைக்குப் பின் அவர்கள் முழு ஆட்களாக எண்ணப்பட்டதால் தெற்கின் பங்கு கூடியது. அவர்களின் வாக்கு பறிக்கப்பட்ட பிறகும் அந்தப் பங்கு குறையவில்லை.

1878இல் டில்டனின் பெயரிலும் கறை விழுந்தது. தேர்தலின்போது தேர்வாளர் வாக்குகளை விலைக்கு வாங்கப் பேரம் பேசிய சங்கேதத் தந்திகள் அம்பலமாகின. பேரத்தில் இருந்தவர் அவர் வீட்டிலேயே தங்கியிருந்த மருமகன் முறையான வில்லியம் பெல்டன். தனக்கு எதுவும் தெரியாது என்று டில்டன் சத்தியம் செய்தார். மீண்டும் அவர் போட்டியிடவில்லை. 1886 ஓகஸ்டில் இறந்தார். முடிவுகள் தகராறானால் எப்படி எண்ணுவது என்ற சட்டம் மறு ஆண்டுதான் வந்தது. சொத்தில் பெரும்பகுதியை இலவச நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். உறவினர் வழக்காடிப் பாதிக்கு மேல் பிடுங்கிக்கொண்டனர். எஞ்சிய பணம் 1895இல் வேறு இரு நூலகங்களுடன் சேர்ந்து நியூயோர்க் பொது நூலகமாயிற்று.

லூசியானாவில் 1896இல் பதிவு செய்யப்பட்டிருந்த கறுப்பின வாக்காளர்கள் 130,334 பேர். 1904இல் 1,342 பேர். அவர்களின் வாக்கைப் பாதுகாக்கும் மத்திய சட்டம் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.