கோழிக் கட்டி சொன்ன பாடம்

புற்றுநோய்க்கு வைரஸ் கிருமியும் காரணமாக இருக்கலாம் என்று சொன்னதற்கு 55 ஆண்டு கழித்து நோபல் பரிசு பெற்றவர் டாக்டர் பெய்ட்டன் ரவுஸ்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1879-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மூன்று பிள்ளைகளையும் தாயாரே வளர்த்து ஆளாக்கினார். வைத்தியப் படிப்பின்போது பிரேதப் பரிசோதனையில் விரலில் காயம் பட்டுக் காசநோய் தொற்றியது. டெக்ஸாஸ் மாகாணத்துப் பண்ணையில் ஓராண்டு தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு, 1905-ல் டாக்டரானார்.

1909-ல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மார்பில் கட்டியுள்ள ஒரு கோழி அவரிடம் வந்தது. கட்டியை அரைத்து, உயிரணுக்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அவற்றுக்கும் அதே கட்டி வந்தது. நோயைக் கடத்தியது புற்றணு அல்ல, அதைவிடச் சிறிய கிருமி என்று 1911-ல் அறிவித்தார்.

நம்பியவர் சிலரே. கோழிக்கு வருவது மனிதனுக்குப் பொருந்தாது என்று மற்றவர்கள் ஒதுக்கினர். எலிகளிடம் செய்த சோதனையும் பலிக்கவில்லை. மனமொடிந்து அந்த ஆராய்ச்சியை நிறுத்தினார். ஆனால் சும்மா இருக்கவில்லை. முதல் உலக யுத்தத்தின்போது, டர்னர் என்பவருடன் சேர்ந்து ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் வழி கண்டார். 1917-ல் பிரான்ஸ் போர்முனையில் ரத்தம் சேமித்து வைத்துக் காயமுற்ற சிப்பாய்களுக்கு ஏற்றியது அந்த வழியில்தான்.

1933-ல் ஷோப் என்ற விஞ்ஞானி, முயல்களுக்கு மரு உண்டாக்கும் வைரஸைக் கண்டறிந்து, ரவுஸிடம் ஒப்படைத்தார். அந்த மரு புற்றுநோயாக மாறக்கூடும் என்று ரவுஸ் நிரூபித்தார். 1966-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 87. 1970-ல் காலமானார்.

அந்தக் கோழி வைரஸால் மனிதருக்குப் புற்றுநோய் வந்ததாக நிரூபணமில்லை. ஆகவே கோழிக்கறி சாப்பிடுவோர் அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முயல் மருவின் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ், பெண்களின் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று பின்னர் நிச்சயமாயிற்று. அதைக் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பெண் குழந்தை உள்ளவர்கள் டாக்டரிடம் இதுபற்றி விசாரித்துக்கொள்வது நலம்.