வீட்டு சாம்பாருக்கு எத்தனை கலோரி? 4-9-4 கணக்கு தந்த ஆட்வாட்டரின் கதை

ஒரு கப் சாம்பாருக்கு எத்தனை கலோரின்னு மொபைலில் தேடினால், ஆப்புக்கு ஒரு பதில் வரும். எதை நம்புவது? இதற்கு விடை வேண்டுமென்றால், 100 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன ஓர் அமெரிக்க வேதியியலாளரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் வில்பர் ஆலின் ஆட்வாட்டர்.

யார் இந்த ஆட்வாட்டர்?

1844-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் சபை போதகர். யேல் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தின் வேதிப்பொருட்களை ஆராய்ந்து 1869-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு ஜெர்மனியில் படித்தார். மனிதன் சாப்பிடுவதையும் செலவழிப்பதையும் வரவு செலவு போல அளக்கும் ஆய்வுகள் அப்போது அங்கேதான் சூடுபிடித்திருந்தன.

1873-ல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கூலித் தொழிலாளியின் வருமானத்தில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போன காலம் அது. கொடுக்கும் காசுக்கு உடம்புக்கு எவ்வளவு சக்தி கிடைக்கிறது என்பதுதான் அவரைத் துரத்திய கேள்வி.

பெட்டிக்குள் மனிதன்

1890-களில் இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து ஓர் அறையை உருவாக்கினார். ஓர் ஆள் படுக்க, உட்கார மட்டுமே இடம். ஆய்வுக்கு வந்தவர்கள் நாள்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். சாப்பாடு ஒரு சின்னத் திறப்பு வழியாகப் போகும். உடம்பு வெளிவிடும் சூட்டைக் குழாயில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீர் எவ்வளவு சூடானது என்பதை வைத்துக் கணக்கு. மூச்சுக்காற்று முதல் மலம், சிறுநீர் வரை எல்லாமே அளக்கப்பட்டது.

உள்ளே போன சக்தியும் வெளியே வந்த சக்தியும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின.

4-9-4 எப்படி வந்தது?

ஒரு கிராம் புரதத்தைக் கருவியில் முழுசா எரித்தால் சுமார் 5.65 கலோரி வரும். ஆனால் அதில் ஒரு பகுதி சிறுநீரிலும் மலத்திலும் வீணாகிவிடும். இந்த இழப்பைக் கழித்துதான் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9, மாவுச்சத்துக்கு 4 என்று வைத்தார். இன்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் இருப்பதும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

இவை கலப்பு உணவுக்கான சராசரி. உணவுக்கு உணவு மாறும். முழு பாதாமிலிருந்து உடம்புக்குக் கிடைப்பது இந்தக் கணக்கு சொல்வதை விட கால் பங்கு குறைவு என்று 2012-ல் அமெரிக்க ஆய்வில் தெரியவந்தது.

சர்ச்சையும் சறுக்கலும்

மதுவும் உடம்புக்கு எரிபொருளாகிறது என்று அவரது சோதனை காட்டியது. மது ஒழிப்பு இயக்கத்தினர் கொதித்துப் போனார்கள். மது வியாபாரிகளோ அதையே விளம்பரமாக்கினார்கள். ஆனாலும் போதகரின் மகன் தன் முடிவை மறைக்கவில்லை.

பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. காசுக்குக் கலோரி குறைவு என்பதால், காய்கறி, பழங்களுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று ஏழைகளுக்கு அறிவுரை சொன்னார். வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1904-ல் பக்கவாதம் தாக்கி, 1907-ல் காலமானார்.

நம்ம சமையலுக்கு என்ன வழி?

இந்திய உணவுகளுக்கான அட்டவணை 1937-ல் வந்தது. அதைத் தயாரித்தது நம்ம குன்னூரில் இருந்த ஆய்வுக்கூடம், அப்போது இயக்குநர் அய்க்ராய்ட். அந்தக் கூடம்தான் பின்னர் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அது 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான்:

- பருப்பு, அரிசி, காய் எல்லாவற்றையும் சமைக்கும் முன்பே எடை போடுங்கள். எண்ணெயை விட்டுவிடாதீர்கள். ஒரு டீஸ்பூனே சுமார் 40 கலோரி.
- அட்டவணை பார்த்து மொத்தக் கலோரியைக் கூட்டுங்கள்.
- சமைத்த பிறகு மொத்த எடையைப் பாருங்கள். கலோரியை அந்த எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கான கணக்கு கிடைக்கும். தட்டில் போட்ட எடையால் அதைப் பெருக்கினால் போதும்.

உதாரணமாக, 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அது வெந்து சுமார் 300 கிராம் சாதமாகும். அப்படியானால் 100 கிராம் சாதத்தில் கிட்டத்தட்ட 120 கலோரிதான். அரிசிக்கான எண்ணைச் சாதத்துக்குப் போட்டால் மூன்று மடங்கு தப்பாகிவிடும். சாம்பாரிலும் அதேதான். தண்ணீர் எடையைக் கூட்டும், கலோரியைக் கூட்டாது. பருப்பும் தாளிக்கிற எண்ணெயும்தான் கலோரியைப் பெரும்பாலும் முடிவு செய்யும்.

இப்படிப் போட்டாலும் கிடைப்பது நெருங்கிய மதிப்பீடுதான். ஆனால் உங்கள் வீட்டுச் சட்டியைப் பார்க்காத ஆப் சொல்லும் எண்ணை விட இது நம்பகமானது. கலோரி குறைவு என்று கீரையை ஒதுக்கிவிடாதீர்கள். ஆட்வாட்டர் சறுக்கியது அங்கேதான்.